பழைய கார் வாங்கப் போகிறீர்களா? இன்ஜினைக் கடைசியில் பாருங்கள்

“1968 மாடல், ஒரிஜினல் கண்டிஷன், இன்ஜின் பக்கா, சின்னச் சின்ன வேலை மட்டும் பாக்கி.” பழைய கார் விற்பனை விளம்பரங்களைச் சில வாரம் தொடர்ந்து பார்த்தால் இந்த வாசகம் மனப்பாடமாகிவிடும். இந்த ஆசையில் புதிதாக விழுந்தவர் ‘இன்ஜின் பக்கா’ என்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார். பழகியவரோ ‘சின்னச் சின்ன வேலை’ என்ற இடத்தில் நின்றுகொண்டு, அந்த வேலைகள் என்னென்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்.

காரணம் இருக்கிறது. ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்தைய காரின் இன்ஜின் மிக எளிமையானது. நல்ல லேத் பட்டறையும் பொறுமையான மெக்கானிக்கும் இருந்தால் திருச்சியிலும் சரி, திருநெல்வேலியிலும் சரி, அதைப் புதிதுபோல ஆக்கிவிடலாம். ஆர்சி புத்தகம் தொலைந்திருப்பது, தரைத் தகடு துருவில் கரைந்திருப்பது, ஒரே ஒரு கதவுக் கைப்பிடி எங்கேயும் கிடைக்காமல் போவது, இவைதான் பணத்தையும் வருடங்களையும் தின்பவை. ஆகவே பார்க்கும் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் காகிதம், அப்புறம் பாடி, அப்புறம் சில்லறைப் பாகங்கள், எல்லாம் தேறினால் இன்ஜின்.

எது வின்டேஜ்?

விற்பவருக்குத் தன் வீட்டில் இருபது வருடமாக நிற்கும் எந்தக் காரும் வின்டேஜ்தான். பிரிட்டனில் கார் சேகரிப்பவர்கள் 1919 முதல் 1930 வரை செய்யப்பட்டவற்றை மட்டுமே அப்படி அழைக்கிறார்கள். இந்தியாவின் பழைய வாகனக் காப்பீட்டுக் கட்டண விதிகள் 1940 முடிவதற்குள் செய்யப்பட்ட கார்களை வின்டேஜ் என்றன. நமக்கு இன்று முக்கியமானது மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதித் திருத்தம். முதல் பதிவிலிருந்து 50 வருடத்துக்கு மேலான, சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் அதில் வின்டேஜ் என்று வருகின்றன. சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு.

இந்த விதியின்படி புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய். பத்து வருடம் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு மாநில எழுத்துகளுக்குப் பிறகு ‘விஏ’ என்று வரும் தனி வரிசையில் எண் கொடுப்பார்கள். மெட்ராஸ் காலத்து எம்எஸ், எம்டி வரிசை எண்களுக்காகவே வண்டி தேடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இது நல்ல செய்தி.

ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. வின்டேஜாகப் பதிவான வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்ற காரியங்களுக்கு மட்டுமே அனுமதி. வாடகைக்கு விடவும் கூடாது. கல்யாண மாப்பிள்ளையை ஏற்றி அந்த வருமானத்தில் பராமரித்துவிடலாம் என்ற கணக்கோடு வருகிறவர்கள் இங்கேயே நின்று யோசிக்க வேண்டும். 1985 பத்மினி (ஃபியட்டின் இந்திய வடிவம்) போன்ற வண்டி இந்த வரையறைக்குள் வராது. அது வெறும் பழைய கார்தான். 15 வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துக்கொண்டே போக வேண்டும்.

காகிதம்

ஆர்சி புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது என்பது முதல் கேள்வி. பழைய கார் பல கை மாறியிருக்கும், பெயர் மட்டும் மாறியிருக்காது. “ஓனர் என் மாமாதான், கையெழுத்து வாங்கித் தருகிறேன்” என்றால் அந்த மாமாவை நேரில் பாருங்கள். உரிமையாளர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், எல்லா வாரிசுகளின் சம்மதம் என்று வேலை நீளும். அதை விற்பவர் தலையில் கட்டுங்கள். பெயர் வாரிசுக்கு மாறிய பிறகு மீதிப் பணம் தருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். வெளிமாநில வண்டியென்றால் தடையில்லாச் சான்று தேவை. எப்போதோ கடனில் வாங்கிய வண்டியாக இருந்து, கடன் அடைந்தும் ஆர்சியில் ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் நீங்காமல் இருப்பதும் சகஜம். அந்தக் கம்பெனியே இன்று இல்லாமல் போயிருக்கலாம்.

அடுத்து, ஆர்சியில் உள்ள சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் அடித்திருக்கும் எண்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எண் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொள்ளுங்கள். எண் இருக்கும் இடத்தில் வெல்டிங் தழும்போ, சுற்றிலும் இல்லாத புதுப் பெயிண்டோ தெரிந்தால் கிளம்பிவிடலாம். இன்ஜின் எண் ஒத்துப்போகாமல் இருப்பது அவ்வளவு பயங்கரம் அல்ல. 1973க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியபோது ஏகப்பட்ட பெரிய அமெரிக்கக் கார்களுக்கு டீசல் இன்ஜின் வைத்தார்கள். அம்பாசடருக்கும் பத்மினிக்கும்கூட வைத்தார்கள். ஆனால் அந்த மாற்றம் ஆர்சியில் ஏறியிருக்க வேண்டும். ஏறியிருந்தாலும் சேகரிப்பவர் கண்ணில் விலை குறையும். வின்டேஜ் பதிவுக்கும் இடைஞ்சல்.

கையால் எழுதிய பழைய ஆர்சி புத்தகம் என்றால் அந்த விவரம் ஆர்டிஓவின் கணினிப் பதிவில் ஏறியிருக்கிறதா என்றும் விசாரியுங்கள். ஏறாமல் இருந்தால் பெயர் மாற்றத்துக்கு முன்னால் அந்த வேலையும் சேர்ந்துகொள்ளும்.

பாடி

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பணம் போவது இங்கேதான். பழைய கார்களின் பாடி இரண்டு விதம். ஒன்றில் கீழே தனியாகச் சேசிஸ் இருக்கும், அதன் மேல் பாடியைப் போல்ட் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். இன்னொன்றில் தனிச் சேசிஸ் கிடையாது. தரையும் பக்கத் தகடுகளும் சேர்ந்தே வண்டியின் எலும்புக்கூடு. அம்பாசடரும் ஃபியட்டும் இந்த இரண்டாவது வகை. இவற்றில் தரைத் தகடு போனால் அழகு மட்டும் போவதில்லை, பலமே போகிறது. கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற பகுதிதான் இவற்றின் உயிர்நாடி. தண்ணீர் உள்ளே போய்த் தங்கி, உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும். வெளியே பெயிண்ட் பளபளக்கும்.

கண்டுபிடிக்கச் செலவே இல்லாத கருவி ஒரு சின்ன காந்தம். பெயிண்ட் கீறாமல் இருக்க மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு பாடி முழுக்க ஓட்டிப் பாருங்கள். தகடு இருக்கும் இடத்தில் ஒட்டும். உள்ளே பட்டி பூசி மறைத்திருந்தால் பிடி தளரும் அல்லது விழுந்துவிடும். சில பழைய கார்களில் அலுமினியத் தகடும் இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மிதியடியைத் தூக்குங்கள். பேட்டரி உட்காரும் தட்டு, ஸ்டெப்னி வைக்கும் குழி, பின் சீட்டுக்கு அடிப்பகுதி, முன் கண்ணாடியின் கீழ் மூலைகள், சக்கரத்துக்கு மேல் வளைவு, இவையெல்லாம் துருவுக்குப் பிடித்த இடங்கள். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிப் பார்த்தால் நல்ல தகடு கணீரென்று பேசும். கதவைப் பாதி திறந்து ஓரத்தைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஆட்டம் தெரிந்தால் கீல் தேய்ந்திருக்கிறது, அல்லது கீல் பிடித்திருக்கும் தூணே அரித்திருக்கிறது. முதலாவது சில நூறு ரூபாய் வேலை. இரண்டாவதற்கு மாதக் கணக்காகும்.

அடிப்பாகம் முழுக்க புத்தம் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். விற்கும் நேரத்தில் யாரும் அடிப்பாகத்தின் மேல் திடீர்ப் பாசம் கொள்வதில்லை. கடற்கரை ஊர் வண்டிக்கும் உள்நாட்டு வண்டிக்கும் உள்ள வித்தியாசமும் பெரிது. சென்னையில் கடற்கரையை ஒட்டி நின்ற காரைவிட, கோயம்புத்தூர் பக்கம் ஷெட்டுக்குள் நின்ற அதே மாடலுக்கு நான் தயங்காமல் அதிகம் கொடுப்பேன்.

ஹெரால்டு சொல்லும் பாடம்

சென்னைக்காரர்களுக்கு இந்த விஷயம் முழுவதையும் ஒரே காரில் காட்டலாம். மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் 1961இல் தயாரிக்கத் தொடங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு அது. மூலம் 1959இல் பிரிட்டனில் வந்த டிரையம்ஃப் ஹெரால்டு. வடிவமைத்தவர் இத்தாலியின் ஜொவான்னி மிக்கெலோட்டி. பெரும்பாலானவர்கள் ஒரே கூடாகப் பாடி செய்யத் தொடங்கியிருந்த அந்தக் காலத்தில், ஹெரால்டு தனிச் சேசிஸ் மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்ட பாடியோடு வந்தது. பிரிட்டனில் ஹெரால்டைச் செய்த நிறுவனத்துக்குப் பாடி செய்து கொடுத்துவந்த தொழிற்சாலையைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் சிறு துண்டுகளாகப் பல இடங்களில் செய்து ஒன்றாகப் பூட்டினார்கள்.

அந்த நெருக்கடி இன்றைக்குச் சீரமைப்பவருக்கு வரப்பிரசாதம். பானட்டும் முன் மட்கார்டுகளும் சேர்ந்த முன்பக்கம் முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். ஒரு துண்டு அரித்துப் போனால் அதை மட்டும் கழற்றி வேலை செய்யலாம். ஆனால் பாடியைத் தாங்கச் சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் உண்டு. துரு முதலில் கை வைப்பது அங்கேதான். அவை தளர்ந்தால் கதவு இடைவெளிகள் ஒரு பக்கம் விரிந்து ஒரு பக்கம் நெருங்கும். ஹெரால்டு பார்க்கப் போனால் சற்றுத் தள்ளி நின்று அந்த இடைவெளிகளைக் கவனித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அடுத்த பாடம் பாகங்கள் பற்றியது. 948 சிசி இன்ஜின், பிரேக், கிளட்ச் போன்றவற்றுக்கு இன்றும் பிரிட்டனிலிருந்து புதுப் பாகங்கள் வரவழைக்க முடியும். அங்கே டிரையம்ஃப் பிரியர்கள் ஏராளம். ஆனால் நான்கு கதவு ஹெரால்டு மார்க் 3 இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. அதை மாற்றியமைத்து 1970களின் தொடக்கத்தில் வந்த கெஸல் என்ற மாடலும் அப்படித்தான். பிரிட்டன் ஹெரால்டுகள் எல்லாம் இரண்டு கதவு. ஆக, மார்க் 3இன் பின் கதவு நசுங்கியிருந்தால் உலகத்தில் எந்தக் கடையிலும் அது கிடையாது. இன்னொரு மார்க் 3ஐத் தேடிப் பிடிக்க வேண்டும், அல்லது கைதேர்ந்த டிங்கர் தகட்டைத் தட்டி உருவாக்க வேண்டும். 1977 வாக்கில் உற்பத்தியே நின்றுவிட்டது. இன்ஜின் ஓடாத, ஆனால் நான்கு கதவும் முழுதாக உள்ள மார்க் 3 கிடைத்தால், இன்ஜின் ஓடும், கதவு போன வண்டியைவிட அதற்குத்தான் நான் பணம் கொடுப்பேன்.

எந்த மாடலுக்கும் இதே தர்க்கம். முன் கண்ணாடி, விளக்கு வளையங்கள், கிரில், மீட்டர் போர்டு, பெயர்ப் பட்டைகள், ஜன்னல் சுற்றும் கைப்பிடி, இவை வண்டியில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். சென்னையின் பழைய பாகச் சந்தையைக் காட்டி “புதுப்பேட்டையில் கிடைக்கும் சார்” என்று விற்பவர் சொன்னால், கிடைத்தால் வாங்கி வைத்துவிட்டு விலை சொல்லுங்கள் என்று சிரித்துக்கொண்டே பதில் சொல்லலாம். கிடைக்கவே கிடைக்காது என்பதில்லை. எப்போது கிடைக்கும் என்பது யார் கையிலும் இல்லை.

இன்ஜின்

கடைசியில் வைத்தேனே தவிர, பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்கள் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகிற விதமும் முதல் புகையும்தான் உண்மையைச் சொல்லும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, பெரும்பாலும் கார்புரேட்டர் சமாசாரம். சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, ஆயில் மூடியின் உட்புறம் பால்கலந்த காபி நிறத்தில் பிசுபிசுப்பு, இரண்டும் ரேடியேட்டர் தண்ணீர் இன்ஜினுக்குள் கசிவதற்கான அடையாளமாக இருக்கலாம்.

இன்ஜின் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், எத்தனையாவது சைஸில் இருக்கிறது என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். தொழிற்சாலை அளவான ஸ்டாண்டர்டுக்குப் பிறகு, அங்குலத்தில் ஆயிரத்தில் 20, 40, 60 பங்கு என்று கடைந்து பெரிதாக்கிக்கொண்டே போவார்கள். 60ஐத் தாண்டியிருந்தால் பெரும்பாலும் ஸ்லீவ், அதாவது சிலிண்டருக்குள் புது உறை, போட வேண்டியிருக்கும். அதுவும் முடியாத காரியம் அல்ல, செலவைக் கணக்கில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். 1930கள் காலத்து வண்டி என்றால் கதை வேறு. அவற்றில் பலவற்றின் பேரிங்கில் ஈய வெள்ளீயக் கலவையை உருக்கி ஊற்றிக் கடைய வேண்டும். அந்த வேலை தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

பல வருடம் நின்ற வண்டியை ஜம்ப் ஸ்டார்ட் போட்டு ஓட வைத்துக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, ஊற வைத்து, கையால் சுற்றிப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். பேட்டரி இணைக்கும்போதும் ஜாக்கிரதை. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் வழி வண்டிகள் பலவற்றில் பாடியோடு சேர்வது, இன்றைய வண்டிகளைப் போல நெகட்டிவ் முனை அல்ல, பாசிட்டிவ் முனை.

மதிப்புப் போடுவது எப்படி?

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பழைய கார்களுக்கு விலைக் கையேடுகள் வருகின்றன. கண்காட்சித் தரத்தை முதல் நிலையாக வைத்து, ஓடும் நிலையில் உள்ள சுமாரான வண்டிவரை படிப்படியாக விலை போடுகிறார்கள். இங்கே அப்படி எல்லோரும் ஏற்கும் கையேடு கிடையாது. ஆகவே பின்னாலிருந்து கணக்குப் போட வேண்டும்.

வைத்துக்கொள்வோம், வேலை எல்லாம் முடிந்த ஒரு கார் சந்தையில் 6 லட்சத்துக்குப் போகிறது. உங்களுக்குக் காட்டுவது வேலை பாக்கியுள்ள அதே மாடல். பாடிக்கும் பெயிண்டுக்கும் 2.5 லட்சம், இன்ஜினுக்கும் பிரேக்குக்கும் 1 லட்சம், குரோம், குஷன், வயரிங் எல்லாம் சேர்த்து 1 லட்சம். மொத்தம் 4.5 லட்சம். வேலை தொடங்கியதும் புதிது புதிதாகத் துரு வெளியே வரும் என்பதால் இதோடு பாதியைச் சேர்த்துக்கொள்வது என் பழக்கம். 6.75 லட்சம் ஆகிவிட்டது. அதாவது வண்டியை இனாமாகக் கொடுத்தாலும் கணக்கில் நஷ்டம். எண்கள் உதாரணத்துக்குத்தான், ஆனால் சாதாரண மாடல்களில் பெரும்பாலும் கணக்கு இப்படித்தான் முடிகிறது. யாரோ ஒருவர் ஏற்கெனவே செலவழித்து முடித்த வண்டியை வாங்குவதுதான் லாபம் என்று பழகியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். தாத்தா ஓட்டிய வண்டி, சின்ன வயசில் ஏறிய வண்டி என்றால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது அதை முதலீடு என்று வீட்டில் சொல்லாமல் இருந்தால் போதும்.

விலையை மேலே தூக்குபவை சில உண்டு. கூரை மடக்கும் மாடல், குறைவாகச் செய்யப்பட்ட மாடல், தொழிற்சாலையில் வைத்த அதே இன்ஜின், சாட்சியோடு கூடிய வரலாறு. இரண்டே இரண்டு செய்யப்பட்ட 1955 மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் கூப்பே ஒன்று 2022இல் 13.5 கோடி யூரோவுக்குப் போனது இந்தக் காரணங்கள் ஒன்றுசேர்ந்ததால்தான். “பழைய சினிமா நடிகர் வைத்திருந்த வண்டி” என்ற பேச்சு நம்மூரில் ரொம்ப மலிவு. ஆர்சியில் அந்தப் பெயர் இல்லையென்றால் அந்தக் கதைக்கு ஒரு ரூபாய் கூடக் கூடுதலாகத் தராதீர்கள்.

‘ஒரிஜினல்’ என்பது நினைப்பதைவிடச் சிக்கலானது. 1929, 1930 இரண்டு வருடமும் பிரான்சின் லெ மான் கார் பந்தயத்தில் வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் கார் ஒன்று உண்டு, ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்று பெயர். அதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், பாகங்கள் பெரும்பாலும் மாற்றப்பட்டுவிட்டன, இது அந்தக் காரே இல்லை என்று பின்வாங்கினார்கள். 1990இல் லண்டன் நீதிமன்றம் விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தது. பாகங்கள் மாறினாலும் அந்தக் காரின் வாழ்க்கை அறுபடாமல் தொடர்ந்து வந்திருக்கிறது என்பதே காரணம். பழைய ரசீது, காப்பீட்டுத் தாள், பட்டறை பில், குடும்ப ஆல்பத்தில் உள்ள போட்டோ எல்லாவற்றையும் விற்பவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

சீரமைப்பு

தொழிற்சாலைப் பெயிண்ட் மங்கியும் முழுதாக இருக்கிறது, சீட் துணி பழசானாலும் கிழியவில்லை என்றால் தயவுசெய்து அவசரப்பட்டு மாற்றாதீர்கள். மெருகு ஏற்றி அப்படியே வைத்திருப்பதும் சீரமைப்புதான். பல ஊர்களில் அதற்குத்தான் இன்று மதிப்பு அதிகம்.

முழு வேலை என்றால் கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு கோணத்திலும் போட்டோ எடுங்கள். கழற்றும் ஸ்க்ரூவைப் பெயர் எழுதிய பைகளில் போடுங்கள். பிரேக்கை முதலில் முடித்துவிடுவது நல்லது, பட்டறைக்குள் வண்டியை நகர்த்தவாவது நிறுத்தவாவது வேண்டுமே. டிங்கரிங்கில் துருவுள்ள பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். மேலேயே பட்டி அப்பினால் இரண்டு மழைக்காலம் தாங்காது, கொப்புளம் கிளம்பும். பட்டி பூசும் முன் தகடு வெறும் தகடாக இருக்கும்போது நேரில் போய்ப் பார்க்கிறேன் என்று டிங்கரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெயிண்ட் முடிந்த பிறகுதான் வயரிங், அதன் பிறகே குஷன்.

இன்னொன்று, பெட்ரோல். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயஃபிரத்தையும் அது கெடுக்கும். எத்தனால் தாங்கும் ரப்பருக்கு மாற்றிவிடுங்கள். மாற்றும்வரை வண்டியில் ஒரு தீயணைப்பான் இருக்கட்டும். மாற்றிய பிறகும் இருக்கட்டும்.

முதல் வண்டி எது என்று கேட்டால் பத்மினி அல்லது அம்பாசடர் என்பேன். பத்மினி 2000 வாக்கிலும் அம்பாசடர் 2014இலும்தான் நின்றன. பாகம் கிடைக்கும், வேலை தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஒரு பத்மினியை இரண்டு வருடம் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு ஹெரால்டு பக்கம் போங்கள். அதற்குள் கோயம்புத்தூர் ஜிடி கார் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய், வேலை சரியாக முடிந்த வண்டியில் கதவு இடைவெளி எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டு வாருங்கள். காந்தத்தை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.